85 இறாத்தல் தண்டவாளம்

ரெஜைனாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணை இருக்கிறார். தானிய ட்ரக் ஓட்டுகிறார். ரொறன்ரோவில் என்றால் இரண்டு தெருவுக்குள் நூறு தமிழர் இருப்பார்கள், ஒருவரையும் தெரிந்திருக்காது. இங்கே அப்படியில்லை. எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னமே, சாப்பிட்டாச்சோ என்று கேட்டவர் அவர்.

ஒரு நாள் அவர் வீட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். பருப்புச் சட்டியைக் காட்டி, "தம்பி, இது இங்கதான் விளையுது, தெரியுமோ?" என்றார்.

தெரியும். சஸ்காச்சுவானுக்கு வந்த முதல் மாதமே யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் சாமானுக்கும் மைசூருக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவிகிற பருப்பில் பெரும்பங்கு கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ போகிறது. கனடாப் பருப்பு என்றால் அநேகமாக இந்த மாகாணத்துப் பருப்பு.

"சரி, அது கொழும்புக்கு எப்பிடிப் போகுது?"

"துறைமுகம் மட்டும் ரயிலிலதானே அண்ணை போகும்?"

அவர் சிரித்தார். "வாற சனிக்கிழமை ஒரு இடமும் போகாத. உனக்கு ஒரு ரயில் காட்டுறன்."

செப்ரெம்பர் கடைசி. அறுவடை பாதி முடிந்திருந்தது. ரெஜைனாவிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணித்தியாலம் ஓடினால் ஓகெமா என்று ஒரு சின்ன ஊர், நானூறு பேர் அளவில் இருப்பார்கள். அங்கே போவதற்கு முன்பே அண்ணை நெடுஞ்சாலையை விட்டு மண் வீதியில் திருப்பினார். முந்தின இரவு மழை. இந்தப் பக்கத்துக் களிமண்ணுக்கு 'கம்போ' என்று பெயர். அதில் இறங்கி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்தின் அடியில் ஒரு படை ஒட்டும். பத்து அடி நடப்பதற்குள் ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார். கார் கொஞ்ச நேரம் தள்ளாடி, பிறகு வீதி ஓரத்தில் பக்குவமாகச் சரிந்து நின்றது. நல்லவேளை, நாங்கள் பார்க்க வந்த இடம் அதற்கு முன்னாலேயே இருந்தது.

வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தண்டவாளம். கைவிட்ட பாதை என்றுதான் முதலில் நினைத்தேன். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் முழங்காலளவு புல், கட்டைகள் சில தலை பிளந்து கிடந்தன. நேராகப் பார்த்தால் கம்பி இரண்டும் நேராகவே இல்லை, தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்துகொண்டு போயின. ஆனால் தண்டவாளத்தின் தலை மட்டும் மினுங்கியது.

"துரு இல்லையெண்டா உயிர் இருக்கு" என்றார் அண்ணை.

குனிந்து பக்கவாட்டைப் பார்க்கச் சொன்னார். இரும்பிலே எழுத்துகள் புடைத்திருந்தன. ஆலையின் பெயர், 85 என்ற எண், ஆண்டு. ஆண்டின் கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது, நூறு வருஷத்துக்கு மேல் என்பது மட்டும் தெரிந்தது. 85 என்றால் ஒரு யார் நீளத் தண்டவாளத்தின் நிறை 85 இறாத்தல். பாண் வாங்கும்போது தவிர வேறெங்கும் இறாத்தல் என்ற சொல்லைப் பாவித்த ஞாபகம் எனக்கில்லை. இன்றைக்குப் பெரிய ரயில் கம்பனிகளின் பிரதான பாதைகளில் கிடப்பது 115, 136 இறாத்தல் கம்பி. ஆனால் இந்த மெல்லிய கம்பியின் மேல் ஏறுகிற பெட்டி மட்டும் மெலியவில்லை. தானியம் நிரம்பிய பழைய ஹொப்பர் பெட்டி ஒன்றின் மொத்த நிறை 263,000 இறாத்தல் வரை போகலாம், புதியவை 286,000. நூறு வருஷத்துக்கு முன்பு இந்தக் கம்பியை உருட்டியவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இப்படியான பாதைகளில் பல இடங்களில் வேக எல்லை மணிக்குப் பத்து மைல். சைக்கிள் வைத்திருந்தால் முந்தலாம்.

நான் அந்தக் கம்பியின் மேல் ஏறி இரண்டு கையையும் விரித்து நடந்தேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மீசாலைப் பக்கம், நானும் மீசாலைப் பக்கம். 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரயில் நின்றபோது நான் பிறந்து சில மாதம். எனக்கு ரயில் பாதை என்றால் தண்டவாளம் இல்லாத ஒரு மண் மேடு. சைக்கிள் பழகியது அந்த மேட்டில். கம்பியும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயிருந்தன. எங்கள் வளவுப் பங்கரின் கூரையிலும் ஒரு துண்டு கிடந்தது. ரயில் ஓடியதைக் காணாமலே அதன் கம்பியின் கீழ் ஒளிந்திருந்தவன் நான். 2014இல் இந்தியக் கடனில் புதுப் பாதை போட்டு ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது நான் கனடாவில் இருந்தேன்.

ஆகவே ஒரு பாதையைத் தூக்குவது எவ்வளவு சுகம், திரும்பப் போடுவதற்கு என்னென்ன வேண்டும் என்பது பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே பாதைகளைத் தூக்கியது போர் இல்லை, கணக்கு. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1897இல் கனேடியன் பசிபிக் கம்பனி மலைக்குள் ஒரு பாதை போட அரசாங்கத்திடம் காசு கேட்டது. அரசாங்கம் கொடுத்தது, பதிலுக்கு ஒன்று கேட்டது: சமவெளித் தானியத்தைக் கிழக்கே ஏற்றும் கூலியைக் குறைக்க வேண்டும். க்ரோஸ் நெஸ்ட் என்ற கணவாயின் பெயரால் அதை 'க்ரோ கூலி' என்பார்கள். 1925இல் அதுவே சட்டமாயிற்று. ஒரு தொன் தானியத்தை ஒரு மைல் கொண்டுபோக அரைச் சதம் அளவில். 1925இன் அரைச் சதம் 1983 வரைக்கும் அரைச் சதமாகவே இருந்தது. உழவர்களுக்குச் சந்தோஷம். ரயில் கம்பனிகளோ ஒவ்வொரு பெட்டியிலும் நட்டம் என்று அழுதன, அழுதபடியே கிளைப் பாதைகளைக் கவனிக்காமல் விட்டன. தானியப் பெட்டி வாங்கவும் மறுத்தன. 1972இலிருந்து அரசாங்கமே பெட்டி வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. 'கனடா' என்று பெரிதாக எழுதிய அந்த உருளை வடிவப் பெட்டிகளை இந்த ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்கள் எல்லோரும் எண்ணி விளையாடியிருப்பார்கள்.

1983 சட்டம் அரைச் சதத்தை நிறுத்தி, மானியமாக மாற்றியது. 1995 ஓகஸ்ட் 1இல் மானியமும் போயிற்று. நில உடைமையாளர்களுக்கு 160 கோடி டொலர் ஒரே தடவை கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அடுத்த வருஷமே புதிய போக்குவரத்துச் சட்டம் வந்து, வேண்டாத பாதையைக் கைவிடும் வழியைச் சுகமாக்கியது. கம்பனி முதலில் அறிவிக்க வேண்டும், யாராவது வாங்கி ஓட்ட வருகிறார்களா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் அரசாங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் 'மீட்பு விலைக்கு' கொடுக்க முன்வர வேண்டும். மீட்பு விலை என்பது அழகான சொல். உண்மையில் அது பழைய இரும்பு விலை, கழற்றும் செலவைக் கழித்து. உங்கள் ஊரை நூறு வருஷம் உலகத்தோடு கட்டி வைத்திருந்த ஒன்றை, இரும்புக்கடைக்காரன் கொடுக்கும் காசை நீங்கள் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம்.

பல ஊர்கள் கொடுக்கவில்லை. கொடுத்த ஊர்களால் உண்டானவைதான் இந்தச் சின்ன ரயில்வேக்கள். ஷோர்ட்லைன் என்பார்கள். சஸ்காச்சுவானில் இப்போது பத்துக்கு மேல் இருக்கின்றன. முதலாவது 1989இலேயே தொடங்கிய ஒரு கூட்டுறவு. தென்மேற்கு மூலையில் ஷோனவனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் வெஸ்ரேர்ன் இருக்கிறது. அதை 2004இல் அந்தப் பகுதி உழவர்களும் ஊராட்சிகளும் சேர்ந்து வாங்கினார்கள். நான் கையை விரித்து நடந்த பாதை ரெட் கோட் ரோட் அண்ட் ரெயில் என்பவர்களுடையது. பாங்மன் என்ற ஊரிலிருந்து அசினிபோயா வரை, கிட்டத்தட்ட 115 கிலோமீற்றர், 1999இல் ஊர்கள் சேர்ந்து வாங்கியது. 1874இல் சிவப்புக் கோட் போட்ட பொலிஸ்காரர் இந்தத் திசையாக மேற்கே போனதால் வந்த பெயர். ரயிலும் கிட்டத்தட்ட அவர்களுடைய வேகத்தில்தான் போகிறது என்று அண்ணை பகிடி விட்டார்.

காரைத் தள்ளி வெளியே எடுத்து ஓகெமாவுக்குப் போனோம். பாதை இந்த ஊரோடு முடிகிறது என்று எண்ணி, கிரேக்க அரிச்சுவடியின் கடைசி எழுத்தைக் கொண்டு 'ஓமெகா' என்றுதான் முதலில் பெயர் வைத்தார்களாம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்ததால் இரண்டு எழுத்தை இடம் மாற்றி ஓகெமா ஆக்கினார்கள். பிறகு பாதை மேற்கே நீண்டுவிட்டது. இங்கே 2012இலிருந்து சுற்றுலா ரயில் ஒன்று ஓடுகிறது. வேறொரு ஊரிலிருந்து தூக்கி வந்து வைத்த பழைய மர ஸ்ரேசன், பழைய பயணிகள் பெட்டி ஒன்று, சின்ன டீசல் எஞ்சின். நன்றாகச் செய்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் ஏறவில்லை. அண்ணை காட்ட வந்தது அதை அல்ல.

அவர் காட்ட வந்தது இன்னும் கொஞ்சம் தள்ளி, பெயர் சொல்ல வேண்டாத ஒரு குறுக்குப் பாதையில் நின்ற ஏழு ஹொப்பர் பெட்டிகள். ஒரு காலத்தில் எலிவேற்றர் நின்ற இடம். எலிவேற்றர் என்றால் மர மாளிகை மாதிரி உயர்ந்து நிற்கும் தானியக் கிடங்கு. 1930களில் மூன்று சமவெளி மாகாணங்களிலும் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தன. குதிரை வண்டியில் தானியம் கொண்டுவருகிறவன் பொழுதுபட வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கில் ஏழெட்டு மைலுக்கு ஒன்று கட்டினார்கள். இங்கே நின்றதன் அத்திவாரக் கொங்கிரீட் மட்டும் மிச்சம். அதன் மேல் ஒரு ட்ராக்டர், ட்ராக்டரின் பின்னால் ஓர் ஓகர்: நீண்ட குழாய், உள்ளே திருகாணி. கீழே தானியத்தைக் கொட்டினால் திருகாணி சுழன்று மேலே ஏற்றிப் பெட்டியின் உச்சியில் உள்ள வாயில் ஊற்றும்.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் உழவர் வேலையில் நின்றார். அண்ணைக்குத் தெரிந்தவர். அவருக்கு எங்களோடு பேச நேரமில்லை, ஆனால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. முதல் வேலையாக ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் டோர்ச்சோடு தவழ்ந்தார். ஹொப்பர் பெட்டி அடியில் புனல் புனலாக முடியும், ஒவ்வொரு புனலுக்கும் ஓர் இழுப்புக் கதவு. அது சரியாகப் பொருந்தாவிட்டால் தானியம் வழிநெடுக ஒழுகிக்கொண்டே போகும். பாதை நடுவில் அங்கங்கே கோதுமை முளைத்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். நான் புல் என்று நினைத்ததில் பாதி கோதுமை. யாரோ ஒருவருடைய காசு அப்படிப் பச்சையாக நின்றது. மூன்றாவது பெட்டியின் கதவில் விரலை விட்டுப் பார்த்து, ஏதோ திட்டிவிட்டு, பழைய சாக்குத் துணியைக் கிழித்து இடுக்கில் திணித்தார்.

பிறகு ஓகர் இரைந்தது. டியூரம் கோதுமை. ரவைக்கும் பாஸ்தாவுக்கும் போகிற சாதி. பெட்டி நிறைய ஒரு மணித்தியாலம் பிடித்தது, ஏறக்குறைய தொண்ணூறு தொன். தூசு வெயிலில் மஞ்சளாக நின்றது. வாசம் நெல்லுக் குத்தும் வாசம் அல்ல, உலர்ந்த வைக்கோலும் கொஞ்சம் மாவும் சேர்ந்த வாசம். ஒவ்வொரு லோட்டிலும் ஒரு சிறங்கை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார், அது மாதிரிக்கு. தரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பை, தனக்கு ஒரு பை. பிறகு சண்டை வந்தால் காட்டுவதற்கு. ஒரு மணியை எடுத்து வானத்துக்குப் பிடித்துக் காட்டினார். நல்ல டியூரம் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் ஊடுருவும். அறுக்கும் நேரத்தில் மழை பட்டால் உள்ளே வெள்ளையாகிவிடும், விலை இறங்கும். பல்லால் கடித்துப் பார்க்கச் சொன்னார். கடித்தேன். கல்.

எலிவேற்றருக்குக் கொடுத்தால் ட்ரக்கில் கொட்டிவிட்டுப் போய்விடலாம், இவ்வளவு பாடு இல்லை. ஆனால் அங்கே ஏற்று கூலி, துப்புரவுக் கூலி என்று வெட்டுவார்கள். தானே பெட்டியில் ஏற்றினால் ஒரு பெட்டிக்கு நூற்றுக்கணக்கான டொலர் மிச்சம். ஆனால் அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் காசுக்காக மட்டும் செய்கிறவராகத் தெரியவில்லை. என்னுடைய பெட்டி, நான் கேட்டேன், கொடுத்தே ஆக வேண்டும் என்றார். அந்தக் 'கொடுத்தே ஆக வேண்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

1901இல் பெரும் விளைச்சல். ரயிலால் ஏற்றி முடியவில்லை, இருக்கிற பெட்டிகளும் எலிவேற்றர் கம்பனிகளுக்கே போயின. அந்த டிசெம்பரில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் உழவர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள், வில்லியம் மதர்வெல் என்பவர் தலைவர். அடுத்த வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. ஸ்ரேசனில் ஒரு பதிவேடு இருக்கும், யார் முதலில் பெயர் எழுதுகிறாரோ அவருக்கு முதல் பெட்டி, அவர் கம்பனியோ தனி உழவரோ. சட்டம் வந்தும் நடைமுறை மாறவில்லை. சங்கம் சிந்தலூட்டா என்ற ஊரின் ரயில்வே முகவர் மேல் வழக்குப் போட்டு வென்றது. ரயில் கம்பனி உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. ஒரு குட்டி ஸ்ரேசன் பதிவேட்டுக்காக உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகுதான் பதிவேடு பதிவேடாக நடந்தது. இன்றும் வினிபெக்கில் உள்ள கனடியத் தானிய ஆணைக்குழுவுக்கு எழுதினால் உழவர் தனக்கென ஒரு பெட்டி கேட்கலாம். 'புரொடியூசர் கார்' என்று பெயர்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்த உங்கள் ஊரில் தண்டவாளம் கிடக்க வேண்டுமே? கம்பியைத் தூக்கினால் சட்டத்தில் ஒரு வரி மாற்றாமலே உரிமை போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் பழைய இரும்பு விலைக்கு வாங்கியது ரயிலை அல்ல, அந்த 1902ஐத்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பெட்டிகூட ஏற்றாத வருஷத்திலும் அந்தக் கம்பி அங்கே கிடப்பதால், ஐம்பது மைலுக்கு அப்பால் உள்ள பெரிய எலிவேற்றர்காரன் விலை பேசும்போது கொஞ்சம் யோசிப்பான்.

ஆனால் இதை நான் உற்சாகமாகச் சொன்னபோது அந்தப் பெரியவர் தலையை ஆட்டவில்லை. பெட்டி கேட்கலாம், பெட்டி எங்கே போய்ச் சேரும் என்றார். 2012 ஓகஸ்ட் வரை கோதுமையை விற்கிற ஒரே ஆள் கனடியக் கோதுமைச் சபை. பெட்டியை ஏற்றி அனுப்பினால் சபை பொறுப்பு, எல்லோருக்கும் சராசரி விலை. சபையின் அந்த ஏகபோகத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. நல்லதா கெட்டதா என்பது பற்றி இங்கே ஒரு மேசையில் நாலு உழவர் இருந்தால் ஐந்து கருத்து இருக்கும். ஆனால் ஒன்று நடந்தது. இப்போது பெட்டியை ஏற்றுகிறவரே வாங்குகிறவனையும் தேட வேண்டும், வாங்குகிறவனுக்குத் துறைமுகத்தில் இறக்க இடம் வேண்டும், துறைமுகக் கிடங்குகளில் பெரும்பாலானவை அதே எலிவேற்றர் கம்பனிகளுடையவை. முன்வாசலில் சிந்தலூட்டா வென்றதைப் பின்வாசலில் விட்டுவிட்டோம் என்ற மாதிரி அவர் சொன்னார். அவர் சொன்னது அதைவிடச் சூடான வார்த்தைகள்.

பெரிய கம்பனிகளின் கணக்கு வேறு. நூறு பெட்டிக்கு மேல் ஒரே ரயிலாக, ஒரே இடத்தில் நிரப்பி, பிரிக்காமல் துறைமுகம் வரை. வட்டமாக வளைந்த பாதையில் ரயில் நிற்காமல் ஊர்ந்தபடியே நிரம்புகிற கொங்கிரீட் எலிவேற்றர்கள். அதற்குக் கூலியிலும் கழிவு உண்டு. அதன் பக்கத்தில் இந்த ஏழு பெட்டி எம்மாத்திரம்? ஷோர்ட்லைன்காரர் தங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் அசினிபோயாவில் பெரிய ரயிலிடம் ஒப்படைக்க வேண்டும். எப்போது எடுக்கிறது என்பது பெரிய ரயில் கம்பனியின் சித்தம். 2013 விளைச்சல் வரலாறு காணாதது, அதற்குப் பிறகு வந்த குளிர் மகா கொடியது. தானியம் தேங்கி, 2014 மார்ச்சில் அரசாங்கம் இரண்டு பெரிய ரயில் கம்பனிகளையும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் தொன் ஏற்றியே ஆக வேண்டும் என்று ஆணை போட்டது. அந்த நெருக்கடியில் கிளைப் பாதைக்காரர் கடைசி வரிசையில்தானே நின்றிருப்பார்கள்? இப்படிப்பட்ட சின்ன ரயில்வேக்கள் சில, வேலையில்லாத வெறும் பெட்டிகளை வாடகைக்கு நிறுத்தி வைத்தும் காலம் தள்ளுகின்றன. ஓடாத பெட்டியால் பிழைக்கிற ரயில்வே.

திரும்பி வரும்போது அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இந்தக் கம்பியளைத் தூக்கினதாலதான் எனக்கு வேலை" என்றார்.

அது உண்மை. பக்கத்து எலிவேற்றர் மூடினால் தானியம் ஐம்பது, அறுபது மைல் வீதியால் போக வேண்டும். அதற்குத்தான் அவருடைய சூப்பர் பி ட்ரக், இரண்டு தொடர்பெட்டியோடு நாற்பது தொன்னுக்கு மேல் ஏற்றும். ஒரு ரயில் பெட்டிக்கு அவர் இரண்டு தடவைக்கு மேல் ஓட வேண்டும். இந்தப் பக்கத்து வீதிகள் பல, மண்ணுக்கு மேல் மெல்லிய தார்ப்பூச்சு மட்டும் போட்டவை. காருக்கும் சின்ன லொறிக்கும் என்று போட்டது. ட்ரக் ஏற ஏற அது அப்பளம் மாதிரி உடைகிறது. சில இடங்களில் தாரைக் கிளறி எடுத்துவிட்டுத் திரும்ப மண் வீதியாக்கிவிட்டார்கள். ரயில் கம்பனி மிச்சம் பிடித்த காசை மாகாணமும் ஊராட்சியும் வீதிக்குக் கொடுக்கின்றன என்று இங்கே ஒரு நீண்ட வாக்குவாதம் உண்டு. அண்ணை அதில் கட்சி சேர்வதில்லை. "ரயில் இருந்தா அவங்களுக்கு நல்லம். இல்லாட்டி எனக்கு நல்லம். நான் என்னத்தச் சொல்லுறது?"

"அப்ப பருப்பு?"

"பருப்பு நான்தான்."

அதாவது நான் தேடி வந்த பருப்பு அந்த ஏழு பெட்டியில் இல்லை. அநேகமாக அப்படியான பெட்டிகளில் இருப்பதும் இல்லை. சிவப்புப் பருப்பைத் தோட்டத்திலிருந்து ட்ரக்கில் ஆலைக்குக் கொண்டுபோய், தோல் நீக்கி, உடைத்து, சாக்கிலே கட்டி, கொன்ரெய்னரில் ஏற்றுவார்கள். கொன்ரெய்னர் ரயிலில் போகும்தான், ஆனால் அது பிரதான பாதையில் ஓடுகிற இரட்டை மாடி ரயில். இந்தக் கோணல் கம்பிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இல்லை என்று சொன்னாலும் ஒரு தொடர்பு இருக்கிறது, வேறு விதத்தில். பருப்பு இந்த மண்ணுக்குப் புதுசு. 1972இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி வந்து, பருப்பு, பட்டாணி என்று ஆராயத் தொடங்கினார். 1978இல் லேர்ட், 1980இல் எஸ்ரன் என்று இரண்டு பருப்பு இனங்கள்; இரண்டும் இந்த மாகாணத்து ஊர்ப் பெயர்களும்கூட. ஆனாலும் அரைச் சதக் கூலி இருந்த காலத்தில் கோதுமையை விட்டு வேறு பயிருக்குப் போக உழவனுக்கு அவசரம் இல்லை. 1995இல் மானியம் போய், முழுக் கூலியும் தலையில் விழுந்தபோதுதான், தொன்னுக்குக் கூட விலை கிடைக்கிற பயிரைத் தேடி ஓடினார்கள். பருப்பு பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். எந்த முடிவு இந்தக் கிளைப் பாதைகளைத் தூக்கியதோ, அதே முடிவு எங்கள் சட்டிக்குப் பருப்பை அனுப்பியது. 2017 கடைசியில் இந்தியா பருப்புக்கு 30 வீத வரி போட்டபோது அண்ணைக்குச் சில மாதம் ஓட்டம் குறைந்ததாம். அதை அவர் மோடியின் மேல் ஒரு தனிப்பட்ட கோபமாகவே வைத்திருக்கிறார்.

நாங்கள் புறப்படுகிற நேரம் எஞ்சின் வந்து ஏழு பெட்டியையும் கொழுவிக்கொண்டு போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். வீதி பாதைக்குப் பக்கத்தால் கொஞ்ச தூரம் போகிறது. அண்ணை காரை அதே வேகத்துக்கு உருட்டினார். கம்பியின் ஒவ்வொரு மூட்டிலும் பெட்டிகள் இடமும் வலமுமாகச் சரிந்தன, தண்ணீர்க் குடம் சுமக்கிற பெண்களின் இடுப்பு மாதிரி. மூன்றாவது பெட்டியின் அடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாக்குத் துணி தாங்கியது. ஒரு மணியும் விழவில்லை, நான் பார்த்த வரைக்கும். ஐந்து நிமிஷம் அப்படிப் போயிருப்போம். "இதோட போனா நான் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கேலாது" என்று சொல்லி அண்ணை அக்சிலேற்றரை மிதித்தார்.

அடுத்த கிழமை அவர் ட்ரக்கிலிருந்து ஒரு சின்னப் பையில் உடைக்காத பருப்பு கொண்டுவந்து தந்தார். தோலோடு, சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம். அம்மாவுக்கு வீடியோவில் எடுத்துக் காட்டினேன்.

"இதென்ன, கொள்ளோ?"

நகத்தால் ஒன்றை உரித்துக் காட்டினேன். உள்ளே செம்மஞ்சள்.

"அட, எங்கட பருப்பு! அங்கயிருந்து ரயிலிலயோ வருது?"

"இல்லையம்மா, பக்கத்து வீட்டு அண்ணையின்ர ட்ரக்கில."

"அவன் சாப்பிட்டிட்டானோ?" என்று கேட்டார் அம்மா.